மூன்று மணி அலாரம்

அன்புள்ள அக்கா,

இதை எழுதும்போது உங்கள் பட்டன் போன் என் மேசைமேல், ரப்பர் ஸ்டாம்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதுகு மூடி கழன்றுவிடாமல் இருக்க நீங்கள் மாட்டிய ரப்பர் பேண்டு இன்னும் அப்படியே இருக்கிறது. முகத்தருகே கொண்டுபோனால் வறுத்த முந்திரிக்கொட்டை வாசனை அடிக்கிறது. உங்கள் விரல்களின் வாசனை. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது, இந்த வாசனைக்கு மட்டும் அது தெரியவில்லை. ஆலங்குடி தாலுகா ஆபீசுக்கு மனு எழுத என் கடைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "என்ன சார், ரெண்டு போன் வச்சிருக்கீங்க" என்கிறார்கள். சிம் இல்லாத போன் என்று நான் சொல்வதில்லை. சொன்னால் பின்னே எதற்கு என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இந்த மடல் அளவுக்கு நீளும்.

போன மாதம் உங்கள் மகள் திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், மாமாவிடமே போகலாம் என்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் கடைக்கு வந்துவிட்டாள். உங்களை அக்கா என்று நான் கூப்பிட்ட ஒரே காரணத்தால் நான் அவளுக்கு மாமா. பையிலிருந்து ரேஷன் அட்டை, ஆதார், உங்கள் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே இந்தப் போனை வைத்தாள். உங்கள் சான்றிதழை ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்துப் போட்டு மூடினேன். அடியில் வெளிச்சம் ஓடியது. எத்தனையோ பேருடைய சான்றிதழை அந்தக் கண்ணாடியில் கவிழ்த்திருக்கிறேன், எண்ணிக்கை தவறியதில்லை. அன்று மூன்று காப்பி எடுக்க வேண்டிய இடத்தில் ஆறு எடுத்துவிட்டேன்.

சரியாக இரண்டு மணிக்குப் போன் அடித்தது.

"அம்மா வச்ச அலாரம், மாமா. தெனமும் அடிக்கிது. எப்புடி நிறுத்துறதுன்னே தெரியல," என்றாள்.

நிறுத்த எனக்குத் தெரியும். நிறுத்தவில்லை. அது தானாக ஓயும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணி உங்கள் நேரம்.

கொரோனா அடைப்பில் கோயில் கதவைப் பூட்டியபோது பாஸ்டர் ஐயா இந்தச் சங்கிலி ஜெபத்தை ஆரம்பித்தார். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை, ஆளுக்கு அரைமணி நேரம், அவரவர் இருக்கும் இடத்திலேயே. சபையின் கஷ்டம், ஊரின் கஷ்டம், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களின் பெயர், எல்லாவற்றையும் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும். தன் நேரம் முடிந்ததும் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அடுத்தவர் அதை எடுக்கக் கூடாது. "எடுத்துப் பேசுனா ஜெபம் போயிரும், ஊர்க்கதை வந்துரும்," என்றார் ஐயா. தன் சபையை அவர் நன்றாகத்தான் தெரிந்துவைத்திருந்தார். கோயில் திறந்த பிறகும் சங்கிலி நிற்கவில்லை. நேரமே ஆட்களுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. ஏழு மணி பிரதர், பதினொன்றரை சிஸ்டர், மூணு மணி டீச்சர். இரண்டு மணி நீங்கள். இரண்டரை நான்.

முந்திரிக் கொட்டகையில் உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை. பாதியில் சாப்பிட்டு, மீதியை ஆண்டவருக்குக் கொடுத்தீர்கள். கொட்டகைக்குப் பின்னால் ஓடு குவித்திருக்கும் இடத்தில் சாக்கை விரித்து முட்டி போட்டுக்கொள்வீர்கள் என்று உங்களோடு கொட்டை உடைத்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர்கள். "அக்கா சாமியோட பேசுது, சத்தம் போடாதீங்கடி" என்று அவர்களே ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வார்களாம்.

உங்களுக்கும் எனக்கும் பழக்கம் கோயிலில் ஏற்பட்டதில்லை. அங்கே நீங்கள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம், ஒரு ஸ்தோத்திரத்தோடு சரி. பழக்கம் உங்கள் விரலால் ஏற்பட்டது. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு உங்கள் விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. ரேஷன் கடை இயந்திரம் பத்து விரலையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, அப்படி ஓர் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டது. மனு எழுத என்னிடம் வந்தீர்கள். நான் வழக்கம்போல எழுதி வாசித்துக் காட்டினேன். "ஐயா, நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன். எனது கைரேகை இயந்திரத்தில் பதிவாகாத காரணத்தால்..." பாதியிலேயே சிரித்துவிட்டீர்கள்.

"நான் பேசுற மாதிரியே இல்லையே தம்பி."

"உங்களுக்குப் பதிலா நான் பேசுறேன்க்கா. ஆபீசுல இப்புடித்தான் பேசணும்."

"நானே பேசுனதா அவுக எடுத்துக்குவாகளா?"

"எடுத்துக்குவாங்க. கீழ உங்க பேரு இருந்தாப் போதும்."

எழுத்துக் கூட்டி உங்கள் பெயரைப் போட்டீர்கள். ஆறு எழுத்துக்கு ஐந்து நிமிஷம் ஆனது. எழுந்து போகும்போது விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "ரேகை அழிஞ்சாலும் ஆண்டவருக்கு ஆளத் தெரியும் தம்பி. இந்த மெசினுக்குத்தான் தெரிய மாட்டேங்குது." அன்று அதை ஒரு நல்ல பேச்சாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் மகளுக்கான விண்ணப்பத்தை எழுதிக்கொண்டிருந்தபோது இரண்டரைக்கு மறுபடியும் அலாரம் அடித்தது. "இது ஒங்களுக்கு மிஸ்டு கால் குடுக்குறதுக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை மூடி வைத்தேன். இந்த இரண்டரை மணியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது, அக்கா. நீங்கள் இருந்தவரை சொல்லத் துணியவில்லை.

என் எஸ்தருக்கு டயாலிசிஸ் இரண்டு வருஷம் நடந்தது. செவ்வாயும் வெள்ளியும் புதுக்கோட்டைக்குப் பஸ். செவ்வாய்க்கிழமை என் கடைக்கு ஆட்கள் அதிகம் என்று நீங்கள் உங்கள் வேலையை விட்டுவிட்டு அவளோடு போனீர்கள். அவள் அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாது. அதனால் நீங்களும் போகும்போதும் வரும்போதும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்று எஸ்தர் வீட்டுக்கு வந்து சொன்னாள். "அக்கா பையில பாட்டில் இருக்கு. தொறக்கவே மாட்டேங்கிறாங்க," என்றாள். சித்திரை வெயிலிலும் நீங்கள் திறக்கவில்லை. பிள்ளை இல்லாத புருஷன் பெண்டாட்டி எங்களுக்கு அந்த இரண்டு வருஷம் மூன்றாவது ஆளாக இருந்தது நீங்கள்தான்.

அந்த இரண்டு வருஷமும் என் அரைமணி நேரம் முழுக்க எஸ்தருக்குத்தான் போயிற்று. சபையின் கஷ்டத்தையும் ஊரின் கஷ்டத்தையும் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு அவளிடம் வந்துவிடுவேன். அப்புறம் வெளியூரிலிருந்து நோய் தீர ஜெபிக்கும் ஊழியர் ஒருவர் வந்தார். கூட்டத்தில் அவள் தலைமேல் கை வைத்து, இனி உனக்கு இந்த இயந்திரம் தேவைப்படாது என்று அறிவித்தார். சபையே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. அதிகச் சத்தம் என்னுடையதுதான். மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை, டயாலிசிஸுக்குப் போகும் வழியில் பஸ் திருவரங்குளம் தாண்டியதும் அவளுக்கு மூச்சு முட்டியது. கண்டக்டர் நல்ல மனுஷன். வேறெங்கும் நிறுத்தாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு விடச் சொன்னார். என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை. இயந்திரம் தேவைப்படாது என்று அவர் சொன்னது பலித்துவிட்டது என்று பல நாள் எனக்குள் கசந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று வீட்டில் ஒருவர், "விசுவாசத்துல எங்கயோ ஒரு கொறை இருந்திருக்கு" என்று ஆரம்பித்தார். நீங்கள் அடுப்படியிலிருந்து தம்ளர் தட்டோடு வந்தீர்கள். "யாருக்குக் கொறைன்னு ஆண்டவரு ஒங்ககிட்ட வந்து சொன்னாரா? சொல்லலன்னா அங்கிட்டுப் போயி உக்காருங்க. இங்க ஆளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்கணும்," என்றீர்கள். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஆறுதல் அந்த ஒரு வாக்கியம்தான்.

பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்தேன். இரண்டரைக்கு உங்கள் மிஸ்டு கால் வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முட்டி போட்டேன். வாய் வரவில்லை. யார் யாருடைய கஷ்டத்தையோ காலையிலிருந்து சாயங்காலம்வரை வெள்ளைத்தாளில் எழுதுகிறவன், எனக்கென்று ஒரு வரி தேடினால் கிடைக்கவில்லை. எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். மூன்று மணிக்கு டீச்சருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. வேலைக்கு வராமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிற ஆளைப்போல ஒரு வருஷத்துக்கு மேல் அந்தச் சங்கிலியில் இருந்தேன், அக்கா. உங்களிடமிருந்து வாங்கி டீச்சரிடம் கொடுத்தேன். நடுவில் ஒன்றுமே இல்லை.

முடியவில்லை என்று ஐயாவிடம் சொல்லி விலகியிருக்கலாம். ஏன் விலகவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாள் முழுக்க எனக்கென்று வரும் ஒரே அழைப்பு அதுதான். அதையும் எடுக்கக் கூடாது. கடைக்கு வருகிறவர்கள் பட்டா, உதவித்தொகை, வேலித் தகராறு என்று ஓயாமல் பேசுகிறார்கள், ஆனால் அவர்கள் பேசுவது என் பேனாவோடு. சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டால் மறுநாள் காலைவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. இரண்டரைக்குத்தான் திரையில் "அக்கா" என்று எழுத்து வரும், இரண்டு மூன்று தடவை அடிக்கும், ஓய்ந்துவிடும். யாரோ ஒருவருக்கு இந்த நேரத்தில் என் நினைப்பு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்பீர்கள்.

"தம்பி, ரெண்டரைக்கு வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"சரி."

அவ்வளவுதான். ஜெபம் பண்ணினீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டார்களே என்று நிம்மதியாகப் போவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், இவரை ஏமாற்றுவது சுலபம் என்றுகூட நினைத்திருக்கிறேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மழையில் உங்கள் மூச்சிளைப்பு முற்றி, புதுக்கோட்டையில் படுக்கையில் போட்டார்கள். எஸ்தர் போன பிறகு அந்தப் பஸ்ஸில் நான் ஏறியதே இல்லை. உங்களைப் பார்க்க ஏறினேன். திருவரங்குளம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். நீங்கள் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தீர்கள். கட்டிலை ஒட்டி நான் நின்றுகொண்டிருக்கும்போதே தலையணைக்கு அடியில் துழாவி இந்தப் போனை எடுத்தீர்கள். ஒரு பட்டனை அழுத்தினீர்கள். என் சட்டைப் பையில் போன் அடித்தது. மணி இரண்டரை.

"இங்கதானேக்கா நிக்கிறேன்," என்றேன்.

எடுக்கக் கூடாது என்று விரலை ஆட்டினீர்கள். அந்த நிலைமையிலும் சட்டம் பேசினீர்கள். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். முகமூடிக்குள் உங்கள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மூச்சு வாங்க வாங்க அசைந்தது. காய்ச்சலில் ஏதோ பிதற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். மூன்று மணி நெருங்கியதும் வராந்தாவுக்கு வந்து டீச்சருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நீங்கள் தூங்கியிருந்தீர்கள். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டரை மணி அடங்கிப்போயிற்று. உங்கள் அரைமணியையும் சேர்த்துக்கொள்ளும்படி பாஸ்டர் ஐயா என்னிடம்தான் சொன்னார். பார்க்கலாம் ஐயா என்றேன். இருக்கிற அரைமணிக்கே கணக்குக் காட்ட முடியாதவன் வேறென்ன சொல்வான்? உங்கள் இடம் காலியாகவே கிடந்தது. நான் மட்டும் மூன்று மணிக்கு அந்தப் பொய் மிஸ்டு காலைத் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகள் கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது மூன்றாவது தடவையாகப் போன் அடித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி.

"உங்கம்மா நேரம் ரெண்டரையோட முடிஞ்சிருமே. இது எதுக்கும்மா?" என்றேன்.

அவள் காகிதங்களின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சரி செய்தாள்.

"அம்மா ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க மாமா."

"இனிமே சொன்னா என்ன?"

சொன்னாள். எஸ்தர் போய் இரண்டு மாதம் இருக்குமாம். கொட்டகையில் ஒருநாள் வேலை இல்லை என்று நீங்கள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்கிறீர்கள். மணி இரண்டே முக்கால். "நீங்க ஜெபத்துல இருப்பீங்க, முடியட்டும்னு எதுத்தாப்புல வேப்பமரத்துக்கிட்ட நின்னுருக்காங்க. ஷட்டருக்குக் கீழ பாத்தா, நீங்க செவுத்தப் பாத்து உக்காந்திருந்தீங்களாம். மூணு மணிக்கு போன எடுத்து டீச்சருக்கு அடிச்சிட்டு, திருப்பிச் செவுத்தப் பாத்தீங்களாம். அம்மா ஜெராக்ஸ் எடுக்காமயே வந்துட்டாங்க."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"அன்னைக்குச் சாயந்தரம் எனக்குப் போன் பண்ணுனாங்க. 'தம்பிக்கு இப்ப வாய் வரல. வாய் வர்ற வரைக்கும் அந்த அரைமணியையும் நம்ம பாத்துக்குவோம். மூணு மணிக்கு ஒரு அலாரம் எப்புடி வக்கிறதுன்னு சொல்லிக் குடு'ன்னாங்க. அன்னையிலேருந்து ரெண்டரைக்கு ஒங்களுக்கு மிஸ்டு கால் குடுத்துட்டு எந்திரிக்க மாட்டாங்க. மூணு வரைக்கும் அங்கயேதான். கொட்டகையில ஏச்சுத்தான். சாயந்தரம் எல்லாரும் போனப்பறம் ஒக்காந்து பாக்கி கொட்டைய ஒடச்சுக் குடுத்துட்டு வருவாங்க."

என்ன சொல்லி ஜெபம் செய்வார்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"'இது நான் பேசல ஆண்டவரே, தம்பி பேசுறதா எடுத்துக்கங்க'ன்னு ஆரம்பிப்பாங்க. லீவுக்கு வந்தப்ப நானே கேட்டிருக்கேன். அப்பறம் நீங்க பேசுற மாதிரியே பேசுவாங்க மாமா. 'எனக்கு ஒங்க மேல கோவம். எஸ்தர எதுக்கு எடுத்தீங்க. எனக்கு வீட்டுக்குப் போகவே பிடிக்கல. ஒங்கள விட்டுட்டும் போகத் தெரியல'ன்னு. எனக்கு மொதல்ல சிரிப்பா வந்துச்சு. அப்பறம் அழுகையா வந்துச்சு."

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, அக்கா. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

நான் ஜெபம் செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு ஞாயிறும் "வந்துச்சா" என்று மட்டும் கேட்டீர்கள். மிஸ்டு கால் வந்ததா என்ற கேள்விக்கு நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். என்னைப் பொய் சொல்ல விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் முகமூடிக்குள் அசைந்ததும் பிதற்றல் இல்லை. மூச்சுக்கே வழியில்லாத நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் கல்லாக நின்றவனுக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அது மட்டும் நினைவுக்கு வந்தபோது உங்கள் மகளுக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். எஸ்தரை அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அவள் ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள். அப்படியே நின்றபடி சொன்னாள். "எங்கண்ணன் ஒம்போது வயசுல காய்ச்சல்ல போச்சுல்ல மாமா. அப்ப அம்மாவுக்கும் ஒரு வருசம் வாய் வரலையாம். கோயிலுக்கு வந்து சும்மா உக்காந்துட்டுப் போவாங்களாம். 'எனக்குப் பதிலா யாரோ கேட்டிருக்காங்க. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இல்லன்னா நான் இங்கிட்டு நின்னுருக்க மாட்டேன்'னு சொல்லுவாங்க."

கிளம்பும்போது சிம்மை மட்டும் கழற்றிக்கொண்டாள். "போன நீங்களே வச்சுக்கங்க மாமா. இந்த அலாரத்த நிறுத்தவும் எனக்கு மனசு வரல, தெனமும் கேக்கவும் முடியல," என்றாள். தேதியும் நேரமும் மட்டும் ஓடுகிற போனாக இது என் மேசைக்கு வந்தது அப்படித்தான்.

எழுதத் தெரியாதவர்களுக்குப் பதிலாக "நான்" என்று எழுதிப் பிழைக்கிறவன் நான். கோபக்காரனுக்கும் எழுதுவேன், ஊமைக்கும் எழுதுவேன், கீழே பெயர் மட்டும் அவர்களுடையது. எனக்கு ஒருவர் அப்படி மனு எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் இருக்கும் இடத்தில் என்னைப் பற்றி ஒரு தாளும் இல்லை, என்னை மறந்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்த ஒரு வருஷத்துக்கும் மேல், ஒருநாள் விடாமல் என் பெயர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுவும் என் கோபத்தோடு, ஒரு சொல் குறைக்காமல். ஆண்டவர் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று கோயிலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தலையாட்டியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. முந்திரி ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில், சாக்கின்மேல் முட்டி போட்டிருக்கும்.

எஸ்தரை ஏன் எடுத்தார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. தெரிந்த மாதிரி நீங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அதனால்தான் ஆண்டவருக்கு ஆளத் தெரியும் என்று நீங்கள் சொன்னதை நம்ப முடிகிறது.

மறுநாள் இரண்டு மணிக்கு அலாரம் அடித்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினேன். முட்டி போட்டால் பழையபடி வாய் அடைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. தெரிந்த தொழிலையே செய்வோம் என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதக் கை தயங்கியது, எழுதிவிட்டேன். "பொருள்" என்று எழுதிப் புள்ளி வைத்ததும் நின்றுவிட்டது. இரண்டரைக்கு அடித்தது. அப்போதும் அப்படியே இருந்தேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு வரி வந்தது. "பொருள்: வேறொன்றும் கேட்பதற்கில்லை. இருக்கிறேன் எனத் தெரிவிப்பது தொடர்பாக." அதை வாய்விட்டு வாசித்தேன். அதுதான் எனக்கு ஜெபமாக வந்தது. நீங்கள் கேட்டிருந்தால், நான் பேசுற மாதிரி இல்லையே தம்பி என்று சிரித்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் அரைமணியையும் நானே எடுத்துக்கொண்டேன். ஐயாவிடம் சொன்னபோது நடந்ததையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது சில நாள் பத்து வரி வருகிறது. சில நாள் எஸ்தரின் பெயர் மட்டும் வருகிறது. கோபம் வந்தால் கோபத்தையே சொல்கிறேன். அது முன்பே போய்ச் சேர்ந்த கோபம்தானே, புதிதாக யாரும் திடுக்கிடப்போவதில்லை. தனிமை போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். இரண்டரைக்கு என் போன் அடிப்பதில்லை. அடிக்காத அந்த நேரம் ஒவ்வொரு நாளும் என்னை ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் போகிறது. ஆனாலும் வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதை இப்போது நானே ஆண்டவரிடம் சொல்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.

போன ஞாயிறு கோயில் வாசலில் மூணு மணி டீச்சரைப் பார்த்தேன். அவருடைய வீட்டுக்காரர் விழுந்து படுக்கையாகி நான்கு மாதம் ஆகிறது. உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு நடந்தது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர், இப்போது டீச்சரைப் பார்த்து, "இந்தம்மா யாரு, எதுக்கு நம்ம வீட்டுக்கு வந்திருக்கு" என்று கேட்கிறாராம். டீச்சர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பை மாட்டிவிட்டு அப்படியே நின்றார்.

"மூணு மணிக்கு வந்துச்சா டீச்சர்?" என்றேன்.

"வந்துச்சு," என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும், அக்கா. ஒரு வருஷத்துக்கு மேல் அதே வாசலில் நின்று அதே குரலில் நான் சொன்ன சொல் அது.

"சரி," என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் போனில் இப்போது நான்கு அலாரம் அடிக்கிறது. மூன்று நீங்கள் வைத்தவை. மூன்றரைக்கு அடிப்பது நான் வைத்தது. அது எதற்கு என்று டீச்சருக்குத் தெரியாது.